குமிழி எங்கேயிருந்து வருது?

அத்தையின் லாரிக்கு முப்பது வயது. குண்டூசிக்குப் பத்து வயது. இரண்டு பேரில் அதிகம் இருமுவது லாரிதான்.

குண்டூசி என்பது பள்ளிக்கூடப் பதிவேட்டில் இருக்கிற பெயர் இல்லை. ஆள் ஒல்லி. எதைப் பார்த்தாலும் கேள்வி கேட்டுக் குத்திக்கொண்டே இருப்பாள். அதனால் அத்தை வைத்த பெயர் அது. வைத்தது ஒருவர், கூப்பிடுவது தெருவே.

அத்தை, குண்டூசியின் அப்பாவுக்கு அக்கா. தெருக்கோடியில் அவருடைய வீடு. வீட்டை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. கொட்டகைக்குள் அத்தையே ஓட்டுகிற லாரி. முப்பது வருஷத்தில் செங்கல், மணல், மரம், மூட்டை என்று அது சுமக்காத பொருள் கிடையாது.

அப்படிப்பட்ட லாரிக்கு அந்த வருஷம் ஒரு சங்கடம் வந்தது. டீசல் டேங்க் துருப்பிடித்து, அடியில் ஓட்டை விழுந்துவிட்டது. அத்தை ஒரு துண்டு சோப்பை எடுத்து ஓட்டையில் வைத்துத் தேய்த்து அடைத்தார். அது பத்து நாள் தாங்கியது. அப்புறம் பக்கத்திலேயே இன்னொரு ஓட்டை விழுந்தது.

அதே தெருவில் பட்டறை வைத்திருக்கிற மெக்கானிக் மாமா வந்து, டேங்கை விரலால் தட்டிப் பார்த்தார். உள்ளேயிருந்து துரு பொலபொலவென்று உதிர்ந்தது.

"இது முடிஞ்சு போச்சுக்கா. இந்த மாடலுக்கு இப்போ டேங்க் செய்யறதும் இல்லை. வேற லாரியோட டேங்கைத்தான் எடுத்து மாட்டணும்."

"பொருந்துமா தம்பி?" என்று கேட்டார் அத்தை.

"பொருந்தாது. நாமதான் பொருத்தணும்."

மறுநாளே ஒரு புது ரக லாரியின் டேங்க் வந்து இறங்கியது. பழையதைவிடப் பெரியது. அதைத் தாங்கவேண்டிய இரும்புப் பட்டைகள் சுற்றி வர எட்டவில்லை. மெக்கானிக் மாமா பட்டையை வெட்டி, நீளம் கூட்டி, புதிதாகத் துளை போட்டு முடுக்கினார். அதற்குப் பிறகுதான் முக்கியமான சிக்கல். புது டேங்கிலிருந்து டீசல் வெளியே வருகிற குழாய் கட்டைவிரல் கனம். பழைய லாரியின் ரப்பர் குழாயோ சுண்டுவிரல் கனம். இரண்டையும் எப்படிச் சேர்ப்பது?

மெக்கானிக் மாமா இரண்டு பித்தளைத் துண்டுகளைக் கடைசல் இயந்திரத்தில் கொடுத்துக் கடைந்தார். ஒன்று கட்டைவிரல் கனம், ஒன்று சுண்டுவிரல் கனம். இரண்டையும் நடுவில் பற்றவைத்து ஒன்றாக்கினார். பிறகு துணியால் தேய்த்துத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிவிட்டார்.

அத்தை அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏன் தம்பி, இதைச் சங்கிலியில கோத்துக் கழுத்துல போட்டுக்கிட்டுக் கல்யாணத்துக்கே போகலாம் போலிருக்கே."

மெக்கானிக் மாமாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

லாரி தயாராகிவிட்டது. அதில்தான் குண்டூசிக்கு வருத்தம்.

ஏனென்றால் லாரி தயாரானதும் அது சுமக்கப்போகிற முதல் பாரம், பக்கத்து வீட்டுச் சாமான்கள்.

பக்கத்து வீட்டில் இருப்பது ரேடியோ. அதுவும் பட்டப்பெயர்தான். காலையில் பல் தேய்க்கும்போது பேச ஆரம்பித்தால், ராத்திரி தூக்கத்தில் வாய் தானாக மூடுகிறவரை பேசுவாள். குண்டூசி கேள்வி கேட்பாள், ரேடியோ பதில் சொல்வாள். கேட்காத கேள்விக்கும் சேர்த்துச் சொல்வாள். ஒன்றாம் வகுப்பிலிருந்து இப்படித்தான் போய்க்கொண்டிருந்தது.

ரேடியோவின் அப்பா ஒரு வருஷமாக வேறு ஊரில் வேலை பார்த்தார். இப்போதுதான் அங்கே நல்ல வீடு ஒன்று கிடைத்திருந்தது. விடுமுறை முடிந்து திங்கட்கிழமை பள்ளி திறக்கும்போது ரேடியோ அந்த ஊர்ப் பள்ளியில் சேரவேண்டும். மற்ற லாரிகளெல்லாம் பாலம் கட்டுகிற வேலைக்குப் போய்விட்டதால், அத்தைதான் கொண்டுபோய் விடுவதாகச் சொல்லியிருந்தார்.

குண்டூசி தன்னால் ஆனதைச் செய்து பார்த்தாள். ரேடியோவின் ஒரு செருப்பை ஒளித்து வைத்தாள். ரேடியோ வேறு செருப்பைப் போட்டுக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை. கட்டில், பீரோ, தையல் இயந்திரம், பாத்திர மூட்டைகள் எல்லாம் லாரியில் ஏறின. ரேடியோவின் அம்மா வீட்டைப் பூட்டினார். ரேடியோவின் மூன்று வயதுத் தம்பி தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு முன்னால் ஏறி உட்கார்ந்தான். ரேடியோவும் ஏறினாள். குண்டூசி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அழுதால் எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

லாரி கிளம்பியது. தெருமுனை வரை போனது. இருமியது. இன்னொரு முறை இருமியது. நின்றுவிட்டது.

மெக்கானிக் மாமா ஓடி வந்தார். "அஞ்சே நிமிஷம்" என்றார். எஞ்சின் பக்கத்தில் ஒரு திருகைத் தளர்த்தி, சின்னக் கைப்பம்பை விரலால் அமுக்கினார். திருகு வழியாக நுரை நுரையாக டீசல் வந்தது.

"காத்து புகுந்திருக்கு" என்றார்.

"காத்து புகுந்தா என்ன மாமா?" குண்டூசியால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"எஞ்சினுக்கு டீசல்தான் சாப்பாடு. காத்தைச் சாப்பிட்டா வயிறு நிறையுமா?"

காற்றை வெளியேற்றிவிட்டுக் கிளப்பினார். லாரி பத்து நிமிஷம் நன்றாக ஓடியது. மறுபடி இருமியது. மறுபடி நின்றது. கடைசியில் ஆறு பேர் சேர்ந்து, சாமான்களோடு சேர்த்தே லாரியைக் கொட்டகைக்கே தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

தள்ளியவர்களில் குண்டூசியும் ஒருத்தி. அன்றைக்கு அவளுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு பலம் வந்ததோ தெரியவில்லை.

அடுத்த இரண்டு நாட்கள் திருவிழா மாதிரி இருந்தன. ரேடியோவின் வீட்டில் சாமான் எதுவும் இல்லை. நான்கு தட்டு, இரண்டு பாய், ஒரு குடம், அவ்வளவுதான். காலி அறையில் பேசினால் குரல் சுவரில் இடித்துத் திரும்பி வந்தது. ரேடியோ ஒரு வார்த்தை சொன்னால் இரண்டாகக் கேட்டது.

"ஏற்கெனவே நீ பேசறது தாங்காது. இப்போ வீடும் சேர்ந்து பேசுது" என்றாள் குண்டூசி. இரண்டு பேரும் தரையில் உருண்டு சிரித்தார்கள்.

கொட்டகையில் மட்டும் சிரிப்பு இல்லை. மெக்கானிக் மாமா ஃபில்டரை மாற்றினார். பம்பைப் பிரித்துப் பூட்டினார். டேங்கிலிருந்து எஞ்சின் வரை குழாயில் ஏழு இணைப்புகள். ஒவ்வொன்றையும் துணியால் துடைத்து, விரலால் தடவிப் பார்த்தார். எல்லாம் உலர்ந்து கிடந்தன.

"ஓட்டை இருந்தா டீசல் கசியணுமே தம்பி" என்றார் அத்தை.

"கசியாதுக்கா. எஞ்சின் உறிஞ்சுதில்லையா? ஸ்ட்ரால ஓட்டை இருந்தா இளநீர் வெளிய வராது, காத்துதான் உள்ள போகும். அந்த மாதிரி. எந்த இடத்துல போகுதுன்னுதான் தெரியலை. கறுப்பு ரப்பர் குழாய்க்குள்ள என்ன நடக்குதுன்னு யாருக்குத் தெரியும்?"

வியாழக்கிழமை மதியம் அவர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "மொத்தக் குழாயையும் புதுசா வரவழைச்சு மாத்திடறதுதான் வழி. பத்து நாள் ஆகும்."

பத்து நாள் என்றதும் குண்டூசி குதிக்காமல் இருக்கத் தன் காலைத் தானே மிதித்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் அப்பா வேலை செய்கிற இடத்துக்குக் குண்டூசி போனாள். அப்பா கொத்தனார். ஒரு புது வீட்டுக்குச் சுவர் எழுப்பிக்கொண்டிருந்தார். இரண்டு மூலைகளும் ஒரே உயரத்தில் இருக்கின்றனவா என்று பார்க்க அவரிடம் ஒரு நீளமான குழாய் உண்டு. உள்ளே இருப்பது அப்படியே வெளியே தெரிகிற வெள்ளைப் பிளாஸ்டிக் குழாய். அதில் தண்ணீரை நிரப்பி, ஒரு முனையை இந்த மூலையிலும் மறுமுனையை அந்த மூலையிலும் பிடித்தால், இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். மட்டக்குழாய் என்பார் அப்பா.

"அந்த முனையைப் பிடிடா கண்ணு. ஆட்டாம நில்லு."

குண்டூசி பிடித்துக்கொண்டாள். அப்பா தன் பக்கத்தைப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். "பொறு, பொறு. நடுவுல குமிழி நிக்குது பாரு. குமிழி இருந்தா மட்டம் பொய் சொல்லும்."

அவர் குழாயை விரலால் சுண்டினார். பொட்டு மாதிரி இருந்த ஒரு காற்றுக் குமிழி மெல்ல நகர்ந்து, குண்டூசியின் கண் முன்னாலேயே மேலே ஏறி வந்து, காணாமல் போனது.

குண்டூசி அப்படியே நின்றாள்.

லாரியின் குழாய் கறுப்பு. அதனால்தான் உள்ளே நடப்பது தெரியவில்லை. அந்தக் கறுப்புக் குழாய்க்கு நடுவில் இந்த மாதிரி ஒரு துண்டை வைத்தால்? குமிழி போவது தெரியும். துண்டை இடம் மாற்றி மாற்றி வைத்தால், குமிழி எங்கேயிருந்து வருகிறது என்பதும் தெரியும்.

"என்னம்மா, பேயறைஞ்ச மாதிரி நிக்கற?" என்றார் அப்பா.

"ஒண்ணும் இல்லைப்பா."

ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டாளே தவிர, அன்று ராத்திரி அவளுக்குச் சோறு இறங்கவில்லை. படுத்தால் கண்ணை மூடியதும் குமிழி வந்தது. நான் என்ன மெக்கானிக்கா, என்னை யார் கேட்டார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சின்னப் பெண் சொன்னால் யார் கேட்பார்கள் என்றும் சொல்லிக்கொண்டாள். அப்புறம் விரல் விட்டு எண்ணினாள். பத்து நாள். பத்து நாளும் ரேடியோ பக்கத்து வீட்டிலேயே இருப்பாள்.

வெள்ளிக்கிழமை மதியம், ரேடியோவைக் கூப்பிட அவள் போனபோது வீட்டுக்குள்ளிருந்து கைபேசியில் பேசுகிற சத்தம் கேட்டது. ஸ்பீக்கரில் ரேடியோவின் அப்பா பேசிக்கொண்டிருந்தார். காலி அறை என்பதால் வாசல் வரை தெளிவாகக் கேட்டது.

"நேத்தும் வேலை விட்டு வந்ததும் தெருமுனையில நின்னேன். ஒரு லாரி வந்துச்சு. நீங்கதான்னு நினைச்சுக் கையைக் காட்டிட்டேன். அந்த டிரைவர் பாவம், வழி கேக்கறேன்னு நினைச்சு வண்டியை நிறுத்திட்டான்."

ரேடியோவின் அம்மா சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுபோனது.

"அப்பா, எப்போ வருவே?" தம்பி கைபேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டான்.

"நீங்கதாண்டா வரணும். நான் இங்கேயேதான் இருக்கேன்."

குண்டூசி மெல்ல உள்ளே போனாள். பின்னறையில், ஜன்னலுக்குக் கீழே, ரேடியோ முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் பேசவில்லை. குண்டூசி பக்கத்தில் உட்கார்ந்த பிறகும் பேசவில்லை. ஒன்றாம் வகுப்பிலிருந்து இப்படி ஒரு நாளைக் குண்டூசி பார்த்ததில்லை.

"என்ன ஆச்சு?"

"ஒண்ணு சொன்னா யார்கிட்டயும் சொல்ல மாட்டியே?"

"மாட்டேன்."

ரேடியோ குரலைத் தாழ்த்தினாள். அப்படியும் சுவர் அதைத் திருப்பிச் சொன்னது. "லாரி நின்னதுக்கு நான்தான் காரணம்."

"நீயா?"

"அன்னைக்கு லாரியில ஏறி உட்கார்ந்ததும், இது கிளம்பவே கூடாதுன்னு மனசுக்குள்ள வேண்டிக்கிட்டேன். உடனே நின்னுபோச்சு. மூணு நாளா, கிளம்பிடணும், கிளம்பிடணும்னு வேண்டிக்கறேன். கேக்க மாட்டேங்குது. அப்பா தினமும் போய்த் தெருவுல நிக்கறார். தம்பி தினமும் அழறான். நான் அப்படி நினைச்சிருக்கக் கூடாது."

அவள் கன்னத்தில் வழிந்ததைத் தோள்பட்டையால் துடைத்துக்கொண்டாள்.

குண்டூசி சட்டென்று எழுந்தாள்.

"எங்க போற?"

"வந்துடறேன். இங்கேயே இரு."

அவள் ஓடிய ஓட்டத்தில் அப்பாவின் வேலை இடம் வந்ததே தெரியவில்லை.

"அப்பா, உங்க மட்டக்குழாயில எனக்கு ஒரு முழம் வேணும்."

அப்பா கரண்டியைக் கலவைச் சட்டியில் வைத்தார். "ஒரு முழம் கேக்கறதுக்கு அது என்ன பூவா?"

குண்டூசி மூச்சு வாங்கிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். குமிழி, கறுப்புக் குழாய், துண்டை மாற்றி மாற்றி வைப்பது எல்லாம். அப்பா குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்டு முடித்ததும், குழாயைச் சுருளிலிருந்து இழுத்து, தன் கையால் ஒரு முழம் அளந்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, இன்னும் அரை முழம் சேர்த்து வெட்டினார்.

"இது எப்போ தோணுச்சு உனக்கு?"

"நேத்து சாயங்காலம்."

"நேத்தேவா?" அப்பா அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். குழாய்த் துண்டை அவள் கையில் வைத்தார். "சரி, ஓடு."

கொட்டகையில் மெக்கானிக் மாமா, வரவழைக்கவேண்டிய சாமான்களின் பட்டியலை எழுதிக்கொண்டிருந்தார். அத்தை பெஞ்சில் உட்கார்ந்து, லாரியை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா, உள்ளே தெரியற குழாயை நடுவுல வைச்சா குமிழி போறது தெரியும்தானே?" என்று குழாயை நீட்டினாள் குண்டூசி.

மெக்கானிக் மாமா குழாயைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார்.

"தெரியும்" என்றார். "நல்லாவே தெரியும். நாலு நாளா நான் எங்க வைச்சிருந்தேன் மூளையை? அஞ்சே நிமிஷம்."

குழாயின் முனைகள் இறுக்கமாக இருந்தன. வெந்நீரில் முக்கியதும் இளகிக்கொடுத்தன. முதலில் எஞ்சின் பக்கத்தில், ஃபில்டருக்கு முன்னால் அந்தத் துண்டைப் பொருத்தினார்.

"குண்டூசி, நீ தள்ளியே நில்லு. வண்டிக்கு அடியில யாரும் வரக் கூடாது."

அத்தை ஏறி எஞ்சினைக் கிளப்பினார். வெளிர்மஞ்சளாக டீசல் குழாயில் ஓடியது. நடுநடுவே, பாசிமணி கோத்த மாதிரி, குட்டிக் குட்டிக் குமிழிகள் வரிசையாகப் போயின.

"அதோ, அதோ" என்றாள் குண்டூசி.

"இதுக்கு முன்னாடி எங்கேயோதான் காத்து புகுது" என்றார் மெக்கானிக் மாமா. எஞ்சினை நிறுத்தச் சொன்னார். துண்டைக் கழற்றி, லாரியின் நடுப்பகுதியில் மாட்டினார். மறுபடி கிளப்பினார்கள். மறுபடி பாசிமணி.

இன்னும் பின்னால் போனார். டேங்குக்குப் பக்கத்திலேயே, பளபளக்கிற பித்தளை இணைப்பு முடிகிற இடத்தில் மாட்டினார். அங்கேயும் பாசிமணி.

மெக்கானிக் மாமா டேங்கையும் இணைப்பையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பித்தளை இணைப்பையே கழற்றிவிட்டு, வெள்ளைக் குழாயின் முனையை வெந்நீரில் இளக்கி விரித்து, நேராக டேங்கின் குழாயோடு சேர்த்துக் கம்பியால் இறுக்கினார். அத்தை கிளப்பினார்.

ஒரு குமிழி இல்லை. டீசல் ஓடுகிறதா, அப்படியே நிற்கிறதா என்று சந்தேகம் வருகிற மாதிரி, சலனமில்லாமல் போனது.

மூன்று பேரும் மெக்கானிக் மாமாவின் உள்ளங்கையைப் பார்த்தார்கள். அங்கே அந்தப் பித்தளை இணைப்பு மின்னிக்கொண்டிருந்தது.

அவர் ஒரு வாளித் தண்ணீரில் அதை முக்கினார். ஒரு பக்கத்தை விரலால் அடைத்துக்கொண்டு, மறுபக்கத்தில் ஒரு சின்னக் குழாயைச் செருகி ஊதினார். இரண்டு துண்டுகளையும் பற்றவைத்த இடத்திலிருந்து, நூல் மாதிரி குமிழிகள் கிளம்பி மேலே வந்தன. அங்கே மயிரிழை அளவுக்கு ஒரு விரிசல் இருந்தது.

"எல்லாத்தையும் பிரிச்சுப் பார்த்தேன்" என்றார் அவர், மெதுவாக. "இதை மட்டும் கழட்டிப் பார்க்கலை. நானே செஞ்சதாச்சே, இதுல என்ன இருக்கப்போகுதுன்னு விட்டுட்டேன்."

அவர் காது இரண்டும் சிவந்துபோயிருந்தன. குண்டூசிக்குச் சிரிப்பு வரவில்லை. நேற்றிலிருந்து ஒரு விஷயத்தை மறைத்து வைத்திருந்தவளுக்கு எப்படிச் சிரிப்பு வரும்?

"நாலு நாளா அதைத் தேடினதும் நீங்கதானே மாமா" என்றாள்.

அத்தை தொண்டையைச் செருமினார். "தம்பி, கல்யாணத்துக்குப் போட்டுக்க ஒண்ணு ஆச்சு. லாரிக்கு மாட்ட ஒண்ணு செய்."

மெக்கானிக் மாமா சிரித்துவிட்டார். "செய்யறேன்கா. இந்தத் தடவை ரெண்டு துண்டு வேண்டாம். ஒரே துண்டுல கடைஞ்சுடறேன். ஒட்டே இல்லைன்னா விரிசல் எங்கேயிருந்து வரும்? அஞ்சே நிமிஷம்."

அந்த ஐந்து நிமிஷத்துக்கு இரண்டு மணி நேரம் ஆனது. அதற்குள் குண்டூசி போய் ரேடியோவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

"மாமா, அதை இன்னொரு தடவை தண்ணியில ஊதிக் காட்டுங்க."

மெக்கானிக் மாமா ஊதினார். குமிழிகள் வந்தன.

"பார்த்தியா?" என்று அவள் காதோடு சொன்னாள் குண்டூசி. "இந்த விரிசலாலதான் லாரி நின்னுச்சு. நீ நினைச்சதால இல்லை."

ரேடியோ வாளியையே பார்த்தாள். குனிந்து பார்த்தாள். பித்தளையைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு, ஒரு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி பெருமூச்சு விட்டாள்.

"நிஜமாவா?"

"நிஜமா. இன்னொண்ணும் சொல்லணும்." குண்டூசி தரையைப் பார்த்தாள். "இந்த யோசனை எனக்கு நேத்து சாயங்காலமே வந்துடுச்சு. நான் சொல்லலை. நீ போயிடுவேன்னு சொல்லலை."

ரேடியோ அவளை உற்றுப் பார்த்தாள். கோபம் வரப்போகிறது என்று குண்டூசி காத்திருந்தாள்.

"ஒரு நாள்தானே" என்றாள் ரேடியோ. "நானா இருந்தா ரெண்டு நாள் சொல்லியிருக்க மாட்டேன். ஆனா எனக்கு அதுக்குள்ள வாய் சும்மா இருந்திருக்காது."

அன்று சாயங்காலம் புது இணைப்பு மாட்டியாயிற்று. எஞ்சின் அரை மணி நேரம் ஓடியது. வெள்ளைக் குழாய் வழியாக ஒரு குமிழி கூடப் போகவில்லை. பிறகு மெக்கானிக் மாமா அதை எடுத்துவிட்டு, தடித்த ரப்பர் குழாயையே மாட்டினார். எஞ்சினின் சூட்டுக்கு அந்த வெள்ளைக் குழாய் நெடுநாள் தாங்காதாம்.

சனிக்கிழமை காலை அத்தை லாரியை ஆற்றுப்பாலம் வரை ஓட்டிப் போய்த் திரும்பி வந்தார். இறங்கி வந்து, குண்டூசியின் முன்னால் நின்றார்.

"இன்னைக்கு ரேடியோ வீட்டாரை விட்டுட்டு, நாளைக்கு நான் தனியாத்தான் காலி லாரியில திரும்பி வரணும். பேச்சுத் துணைக்கு ஆள் வேணும். உங்கப்பாகிட்ட கேட்டுட்டேன். வர்றியா?"

குண்டூசி பதில் சொல்ல நிற்கவில்லை. மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்கு ஓடினாள். வரும்போது, ஒளித்து வைத்திருந்த செருப்பையும் கொண்டுவந்து ரேடியோவிடம் கொடுத்தாள். ரேடியோ சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டாள்.

முன்சீட்டில் ஐந்து பேரும் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். வழியில் ஒரு மேடு வந்தது. லாரி முனகிக்கொண்டே ஏறியது. எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டு எஞ்சின் சத்தத்தையே கேட்டார்கள். மேட்டின் உச்சி தாண்டியதும் அத்தை ஸ்டியரிங்கை லேசாகத் தட்டிக்கொடுத்தார். அதற்குப் பிறகு யாரும் பயப்படவில்லை. தம்பி தலையணையைக் கட்டிக்கொண்டு தூங்கிப்போனான்.

வெயில் தாழ்ந்து, நிழல்கள் நீண்டுகொண்டிருந்த நேரத்தில் அந்த ஊர் வந்தது. அத்தை ஒரு தெருவில் திருப்பினார். முனையில், வேலைக்குப் போட்ட சட்டையோடு ஒருவர் நின்றுகொண்டிருந்தார். லாரியைப் பார்த்தார். கையைத் தூக்கப் போனவர், முந்தாநாள் நடந்தது ஞாபகம் வந்தோ என்னவோ, பாதியில் கீழே போட்டார்.

"அப்பா" என்று ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள் ரேடியோ.

அவ்வளவுதான். அவர் ஓடி வந்தார். அத்தை பிரேக் போட்டு நிறுத்துவதற்குள் கதவைத் திறந்துவிட்டார். தூக்கக் கலக்கத்தில் இருந்த தம்பியைத் தலையணையோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டார். ரேடியோ அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். ரேடியோவின் அம்மா பக்கத்தில் நின்று, அவர் சட்டைக் காலரைச் சும்மா சரிசெய்துகொண்டிருந்தார்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவர் லாரியைப் பார்த்தார்.

"இத்தனை நாளா என்னதான் ஆச்சு இதுக்கு?"

எல்லாரும் குண்டூசியைப் பார்த்தார்கள். அவள் இருக்கையிலிருந்து குதித்து இறங்கினாள்.

"காத்து புகுந்துடுச்சு சித்தப்பா. எடுத்துட்டோம்."

சொல்லிவிட்டு, பின்னால் போய், பாத்திர மூட்டைகளில் தன்னால் தூக்க முடிந்த ஒன்றை எடுத்துக்கொண்டாள். ரேடியோ எந்த ஜன்னலுக்குப் பக்கத்தில் படுத்துக்கொள்ளப்போகிறாள் என்று பார்க்க, எல்லாருக்கும் முன்னால் அந்தப் புது வீட்டுக்குள் நுழைந்தாள்.